"எல்லாரும் அப்படித்தான்" என்ற பேச்சை எப்படிச் சோதிப்பது? நோக்கத்தோடு கற்பது என்றால் உண்மையில் என்ன?

"நோக்கத்தோடு படி என்கிறார்கள், பொத்தாம்பொதுவாக முடிவுகட்டாதே என்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் இதையெல்லாம் எப்படிச் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல என் அம்மா பார்த்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் நகரை ஒட்டிய ஒரு தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். அம்மாவுக்குச் செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், வேலை. 1970களில் செம்பனைத் தோட்டத்துப் பெண்கள் பலர் பார்த்த ஒரு வேலை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது: பூவுக்குத் தூள் அடிப்பது. ஆண் பூங்கொத்திலிருந்து மகரந்தத்தைச் சேர்த்து, உலர்த்தி, முகப்பவுடர் போன்ற வெள்ளைத் தூளோடு கலந்து கொடுப்பார்கள். பெண் பூங்கொத்து இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும் என்பதால் மரம் மரமாகச் சுற்றிப் பார்த்து, விரிந்த பூவின்மேல் அந்தத் தூளை ஊதிவிட வேண்டும். மட்டையின் முள் கிழிக்காத கையோடு அம்மா வீடு திரும்பிய நாள் எனக்கு நினைவில்லை.

1982இல் நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். அறிவியல் வகுப்பில் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள்: நிறமில்லாத, பகட்டான இதழ் இல்லாத, மகரந்தம் கொட்டிக் கிடக்கும் பூ என்றால் காற்றுதான் அதற்கு மகரந்தம் சுமக்கும். சோதனையில் உதாரணம் கேட்டபோது நான் கெட்டிக்காரத்தனமாகச் செம்பனை என்று எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. அம்மா தினமும் தூள் அடித்துவிட்டு வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தேன். காற்று போதுமென்றால் அம்மாவுக்கு எதற்குக் கூலி கொடுத்தார்கள் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது மதிப்பெண். அது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, பல ஆண்டுகள் கழித்து என்னிடம் டியூஷன் படிக்க வந்த ஒரு சிறுமி. மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தபோது அம்மாவின் பழைய வேலையைப் பற்றிச் சொன்னேன். "டீச்சர், ஆப்பிரிக்காவில் இருந்து வந்த மரம் என்கிறீர்கள். அங்கேயும் ஆள் வைத்துத்தான் தூள் அடித்தார்களா? காற்று இங்கேயும்தானே அடிக்கிறது?" என்றாள். பதில் தெரியாமல் விழித்தேன். அன்றிரவே தேட ஆரம்பித்தேன். இத்தனை வயதில் யாரும் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. அப்படி இருந்தும் அவ்வளவு கவனமாக நான் எதையும் படித்ததில்லை.

இதே கேள்வியை அவளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி, காமரூனில் வேலை பார்த்துவிட்டு மலேசியாவுக்கு வந்தவர். காமரூனில் யாரும் தூள் அடிக்காமலே குலைகள் நிறைந்து காய்க்கின்றன, இங்கே ஆள் வைத்து அடித்தும் குலையில் பொக்கு விழுகிறது. மரம் ஒன்று, விதி ஒன்று, விளைச்சல் மட்டும் ஏன் வேறு? காற்றுதான் காரணம் என்ற பாடம் அவருக்கும் சொல்லப்பட்டதுதான். ஆனால் அவருக்கு ஒரு தேவை இருந்தது, குலை நிறைய வேண்டும். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் காமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். பூச்சி நுழையாதபடி பெண் பூங்கொத்துகளை மூடிவைத்துப் பார்த்தபோது, காற்றை நம்பி விடப்பட்டவை சரியாகக் காய்க்கவில்லை. வேலையைச் செய்தவை அரிசி மணியைவிடச் சிறிய மூக்கு வண்டுகள். ஆண் பூவிலேயே முட்டையிட்டுப் பெருகுபவை. வேறு பயிர்களைத் தின்னுமா என்று பரிசோதித்த பிறகு, 1981இல் எங்கள் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முதலில் அவற்றைப் பறக்கவிட்டார்கள். 1982இல் "காற்று" என்று எழுதி நான் மதிப்பெண் வாங்கியபோது, சில மைல் தொலைவில் அந்த வண்டுகள் வேலை செய்துகொண்டிருந்தன.

ஒரு விஷயம் என்னை அசைத்துவிட்டது. செம்பனையின் ஆண் பூ சோம்பு போல மணக்கும். பெண் பூ விரியும்போதும் அதே மணம் மெல்லியதாக வரும். ஆண் பூ என்று நம்பி வரும் வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுப் போகிறது. இதைப் படித்ததும் அம்மாவிடம் ஓடினேன். "ஆமாம், கறிக்குச் சோம்பு வறுத்த மாதிரி இருக்கும். வாசனை வைத்துத்தான் எந்தப் பூ விரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்போம்" என்றார், அது ஒரு சங்கதியே இல்லை என்பது போல. காற்றுக்கு மூக்கு இல்லை. வாசனை வீசும் பூ யாரையோ அழைக்கிறது என்பதற்கான தடயம் இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

உடனே "காற்று பொய், பூச்சியே மெய்" என்று நான் மாணவர்களிடம் முழங்க ஆரம்பித்தேன். அதுவும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. வண்டு வருவதற்கு முன்பே மலேசியத் தீபகற்பத்தில் த்ரிப்ஸ் என்ற சின்னஞ்சிறு பூச்சி அந்த வேலையை ஓரளவு செய்துகொண்டிருந்தது, காற்றுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஒரு பொதுவிதியை உடைத்த மகிழ்ச்சியில் அதே சூட்டோடு இன்னொன்றை வார்த்துவிடுகிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசப்பட்டதும் அப்படித்தான்: "கூலியை மிச்சம் பிடிக்கத்தான் பூச்சியை விட்டார்கள்." கூலி மிச்சமானது உண்மை. அம்மாவுக்கு அந்த வேலை போய், குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் வேலை வந்ததும் உண்மை. குலை நிறைந்ததும் அதே அளவு உண்மை. மூன்றையும் சேர்த்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பலர் இதைப் பொதுமைப்படுத்துவதற்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பழமொழி கவனமாகத்தான் பேசுகிறது: ஒரே பானை, ஒரே அடுப்பு, ஒரே அரிசி. பக்கத்து வீட்டுப் பானையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாராவது "இவர்கள் எல்லாரும்" என்று தொடங்கினால் எந்தப் பானை, எத்தனை சோறு என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். வெளியே கேட்டால் சண்டை வரும்.

சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று யாரோ சொன்னதை அவனே நம்பிவிட்டான். விழுக்காடு என்றாலே முகம் சுருங்கும். அவன் அப்பாவுக்கு நான்கு ஏக்கர் செம்பனை உண்டு. ஒரு நாள் கோபத்தோடு, "பழம் வாங்குகிற வியாபாரிகள் எல்லாருமே திருடர்கள், டீச்சர்" என்றான். சரி, நிரூபி என்றேன்.

இங்கே பழத்தின் விலை எண்ணெய் பிழியும் விகிதத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். உதாரணத்துக்கு 42 ரிங்கிட் என்று வையுங்கள். பழத்தின் தரம் 20 விழுக்காடு என்றால் டன்னுக்கு 840 ரிங்கிட், 18 என்றால் 756. அவர்கள் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் டன் வெட்டுகிறார்கள், ஆக 105 ரிங்கிட் வித்தியாசம். இதைச் சொன்னவுடன் எழுதுகோலை எடுத்தான். வருடக்கணக்கில் வராத விழுக்காடு அரை மணி நேரத்தில் வந்தது.

ஆறு சுற்று. ஒவ்வொரு குலையையும் லாரியில் ஏற்றுமுன் பார்த்துக் குறித்தான். பழம் உதிர்ந்த குழி பத்தாவது இருந்தால்தான் பழுத்த குலை என்பது ஆலைகளில் கடைப்பிடிக்கும் அளவு. முதல் சுற்றில் 62 குலைகளில் 14இல் ஒரு குழிகூட இல்லை, பச்சைக் காய். வெட்டியது வியாபாரி இல்லை, அவன் சித்தப்பா. பையன் அன்று குறிப்பேட்டை மூடிவிட்டு இரண்டு நாள் வரவில்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. நோக்கத்தோடு கற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், அந்த நோக்கம் சில நேரம் நாம் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்ப்பாக இருப்பதைச் சொல்வதில்லை. டேவிட்சனுக்குக் குலை நிறைய வேண்டியிருந்தது, யார் நிறைப்பது என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. இவனுக்கோ திருடன் வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, "காசு எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கிறேன்" என்றான். அதன் பிறகு நான் பெரிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பாவைக் கெஞ்சிக் கேட்டு, பழுத்ததை மட்டும் வெட்டவைத்தார்கள். கடைசி இரண்டு சுற்றில் காய்க் குலை ஒன்றிரண்டுதான். அப்போதும் தரம் 18 என்றே சீட்டு வந்தது. விசாரித்ததில் தெரிந்தது: அந்தப் பாதையில் இருக்கும் சிறு தோட்டங்கள் அத்தனைக்கும் வியாபாரி ஒரே எண்ணைத்தான் போடுகிறார். எல்லாப் பழத்தையும் ஒரே லாரியில் கொட்டுவதால் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. "சிறு தோட்டக்காரர் பழம் இப்படித்தான் இருக்கும்" என்றாராம். பையன் குறிப்பேட்டைக் காட்டி, ஒரு முறையாவது தனியாக இறக்கிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறான். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார், 19 போட்டார். இருபது இல்லை. கணக்கில் அவன் இந்த முறை வாங்கியதும் ஏ இல்லை, சி.

இப்போது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். சில குலைகளில் பொக்கு அதிகம் விழுகிறதாம், "மருந்து அடித்து அடித்து வண்டெல்லாம் செத்துவிட்டது" என்று காப்பிக் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். வரும் சனிக்கிழமை அவர்கள் தோட்டத்தில் விரிந்த ஆண் பூங்கொத்து ஒன்றில் சில கதிர்களை வெட்டி, பையில் போட்டுக் கட்டி, வண்டுகளை எண்ணப் போகிறோம். மருந்தே அடிக்காத பக்கத்துத் தோட்டத்திலும் அதே போல எண்ணுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறான். எந்தப் பூ விரிந்திருக்கிறது என்று சொல்ல அம்மாவையும் அழைத்துப் போகிறோம்.