விண்டோஸுக்குள் இருந்தே பயாஸ் அப்டேட் செய்யலாமா?

கேள்வி: பெங்களூரு மடிவாளாவில் இருக்கிறேன். 2019-ல் எஸ்.பி. ரோட்டில் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 பிராசஸர். இப்போது ரைசன் 5 5600 போடலாம் என்றால் முதலில் பயாஸ் அப்டேட் செய்யச் சொல்கிறார்கள். மதர்போர்டு கம்பெனியின் விண்டோஸ் ஆப்பிலேயே அப்டேட் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் போதுமா? எங்கள் ஏரியாவில் மழை வந்தால் கரன்ட் வேறு போய்விடும்.

பதில்: அந்தப் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். அப்டேட் கட்டாயம் செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் 5600 சந்தைக்கு வந்ததே 2022-ல், 2019-ல் வாங்கிய போர்டின் பயாஸுக்கு (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடி கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராம்) அதை அடையாளம் தெரியாது, அப்படியே போட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ஆனால் அதை விண்டோஸுக்குள் இருந்து செய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

காரணம் இதுதான். பயாஸ் இருப்பது மதர்போர்டில் உள்ள ஒரு குட்டி ஃப்ளாஷ் சிப்பில், பி450 போர்டுகளில் பெரும்பாலும் 16 எம்பி, சிலவற்றில் 32 எம்பி. அப்டேட் என்றால் அந்தச் சிப்பில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. விண்டோஸ் ஆப் இதைச் செய்யும்போது பக்கத்திலேயே ஆன்டிவைரஸ் ஓடுகிறது, பிரவுசர் ஓடுகிறது, கிராஃபிக்ஸ் டிரைவர் ஓடுகிறது. பாதி எழுதிய நிலையில் நீலத்திரை வந்தாலோ ஆப் உறைந்துபோனாலோ, அடுத்த முறை கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டிய பயாஸே அரைகுறையாகக் கிடக்கும்.

லேப்டாப்பில் டெல், ஹெச்பி, லெனோவா எல்லாம் விண்டோஸிலிருந்துதானே அப்டேட் தருகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே விண்டோஸ் பொதுவாக ஃபைலைத் தயார் செய்து வைப்பதோடு சரி. ரீஸ்டார்ட் ஆன பிறகு, விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே, பயாஸே அந்த ஃபைலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து எழுதிக்கொள்கிறது. கறுப்புத் திரையில் லோகோவும் கீழே நகரும் கோடும் தெரிவது அப்போதுதான். அது பத்திரமான வழி, சார்ஜரை மாட்டிவிட்டுத் தாராளமாகச் செய்யலாம். ஆக, எழுதும் வேலை விண்டோஸ் ஓடும்போதே நடக்கிறதா, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகா என்று பாருங்கள். அசெம்பிள் செய்த போர்டுகளின் ஆப்கள் பல, விண்டோஸ் ஓடும்போதே எழுதுகிற ரகம்.

உங்கள் போர்டில் அதைவிட நல்ல வழி, பயாஸுக்குள்ளேயே ஒரு அப்டேட் கருவியாக இருக்கிறது. எம்எஸ்ஐ-யில் எம்-ஃப்ளாஷ், ஜிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ், ஏசஸில் ஈசி ஃப்ளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ் என்று பெயர். விண்டோஸில் செய்ய வேண்டியது தயாரிப்பு மட்டும். ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் போர்டின் மாடலும் இப்போதைய பயாஸ் பதிப்பும் தெரியும். அப்புறம் கேபினட்டைத் திறந்து, போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் மாடல், ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் இருந்தால் பயாஸ் ஃபைலும் வேறு வேறாக இருக்கலாம். கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். ஃபைலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படிக்காமல் விடாதீர்கள், இடையில் இன்னொரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் இதைப் போட வேண்டும் என்றோ, திரும்பப் பழைய பதிப்புக்குப் போக முடியாது என்றோ அங்கேதான் எழுதியிருப்பார்கள். ஜிப்பை விரித்து, எஃப்ஏடி32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

பலரையும் கவிழ்ப்பது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. பயாஸ் மாறினால், டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் விண்டோஸுக்குச் சந்தேகம் வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். விண்டோஸ் 11 ஹோமில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் நீங்கள் கேட்காமலே இது ஆன் ஆகியிருக்கலாம். அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். ஹோமில் அந்த பட்டன் இருக்காது, என்க்ரிப்ஷனையே ஆஃப் செய்து முழுக்க விடுபடும்வரை காத்திருக்கலாம். சஸ்பெண்ட் பெரும்பாலும் ஒரு ரீஸ்டார்ட்டோடு முடிந்துவிடும், அதனால் பிராசஸர் மாற்றும் முன் இன்னொரு முறை செய்ய வேண்டும்.

கரன்ட் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம், யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். கம்ப்யூட்டருக்கென்றே யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. எதுவும் இல்லையா, ஏப்ரல், மே மாத மாலைகளில், காற்றடித்து மரம் சாயும் நேரத்தில், இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை சில நிமிடங்கள்தான், வானம் வெளுத்திருக்கும் காலையில் முடித்துவிடலாம்.

பழைய 2600 போர்டில் இருக்கும்போதே, பென்டிரைவை மாட்டி, பயாஸுக்குள் போய் அந்தக் கருவியில் அப்டேட் செய்யுங்கள். முடிந்ததும் முதல் பூட்டில் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், மெமரியைப் புதிதாகப் பழகிக்கொள்கிறது, பொறுமையில்லாமல் பவரை நிறுத்தாதீர்கள். செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். ரேம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி, விர்ச்சுவல் மெஷினுக்கான எஸ்விஎம், ஃபேன் அமைப்பு எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும், அதனால் முன்பே மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பழைய லெகசி முறையில் போட்ட விண்டோஸ் என்றால் பூட் ஆகாமல் போகலாம், பயாஸில் அந்தப் பழைய முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம்-ஐ ஆன் செய்தால் வந்துவிடும்.

ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு 5600-ஐ மாட்டுங்கள். புது சிபியு வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்-ஐ (பிட்லாக்கர் போன்றவற்றின் சாவிகளைக் காக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்டால், ரெகவரி கீ கையில் இருக்கும் தைரியத்தில் ஒய் அழுத்தலாம். விண்டோஸ் பின் நம்பர் வேலை செய்யாது, கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும்.

மீறி அப்டேட் பாதியில் நின்றுவிட்டால், போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பிராசஸர் கூட இல்லாமல் பென்டிரைவிலிருந்தே மறுபடி எழுதும். இல்லையென்றால் போர்டை எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போங்கள். சிப்பில் கிளிப் மாட்டி புரோகிராமர் கருவியில் எழுதித் தரும் சர்வீஸ் ஆள் யாரென்று நாலு கடையில் கேளுங்கள், சரியான பயாஸ் ஃபைலை நீங்களே பென்டிரைவில் கொண்டுபோங்கள்.