கண்ணாடி மணிகள் ஏன் வெடித்துச் சிதறுகின்றன? டெம் சிமுலேஷனில் கோளாறு பார்ப்பது எப்படி

கேள்வி: தட்டையான அடி கொண்ட உருளைக் கலன், விட்டம் 80 மி.மீ., அடியில் நடுவே 20 மி.மீ. துளை. அதில் 2 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி மணிகள் 50,000 போட்டு, துளையைத் திறந்தால் விநாடிக்கு எத்தனை கிராம் கொட்டும் என்று கணிக்க வேண்டும். இதற்கு டெம், அதாவது ஒவ்வொரு துகளின் விசையையும் நகர்வையும் படிப்படியாகக் கணக்கிடும் முறை. லாம்ப்ஸ் வழிவந்த லிக்ட்ஸ் மென்பொருளில் ஹெர்ட்ஸ் மாடல் (மோதும் மணிகளுக்கிடையே உள்ள விசையைக் கணக்கிடும் விதி), யங் குணகம் 70 ஜிகாபாஸ்கல், டைம்ஸ்டெப் (ஒரு படியின் நேரம்) 0.00001 விநாடி. மணிகள் மோதத் தொடங்கியதுமே நாலாபக்கமும் தெறிக்கின்றன. சில சுவருக்கு வெளியே போய்விடுகின்றன, பாதி காணாமலே போகின்றன. மீட்சியளிப்பு குணகத்தை (மோதிய வேகத்தில் எத்தனை பங்கு திரும்பக் கிடைக்கும் என்ற எண்) 0.9இலிருந்து 0.3க்குக் குறைத்தும் பயனில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்தக் குணகத்தை 0.9க்கே திருப்பிவிடுங்கள். கண்ணாடி அப்படித்தான் துள்ளும். இங்கே சிதறலுக்குக் காரணம் துள்ளல் அல்ல, டைம்ஸ்டெப். அது தவறாக இருக்கும்போது தணிப்பு விசையும் (மோதலின் ஆற்றலைக் குறைக்கும் விசை) தவறாகவே கணக்காகும். குணகத்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகக்கூட ஆகலாம்.

உங்கள் எண்களை வைத்து ஒரே ஒரு மோதலைப் பார்ப்போம். 5 செ.மீ. உயரத்திலிருந்து விழும் மணியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். அந்த வேகத்தில் இரண்டு மணிகள் மோதினால், 70 ஜிகாபாஸ்கல் கண்ணாடிக்கு ஹெர்ட்ஸ் கணக்குப்படி அவை ஒன்றையொன்று அழுத்தும் ஆழம் 2 மைக்ரோமீட்டர். தொட்டதிலிருந்து விலகும் வரை மொத்தமே 6 மைக்ரோவிநாடி. உங்கள் டைம்ஸ்டெப்போ 10 மைக்ரோவிநாடி. மோதல் முழுவதுமே ஒரு படிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது!

இதனால் என்ன ஆகிறது? ஒரு படியில் மணிகள் தொடவில்லை. அடுத்த படியில் 10 மைக்ரோமீட்டர் வரை ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. ஹெர்ட்ஸ் விசை ஓவர்லாப்பின் (இப்படிப் புகுந்த ஆழத்தின்) 1.5 அடுக்காக ஏறுவதால், 10 மைக்ரோமீட்டருக்கு 35 நியூட்டன் வருகிறது. மணியின் எடை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குதான். அதன் மீது மூன்றரை கிலோ பாரத்துக்குச் சமமான விசை முழு 10 மைக்ரோவிநாடிக்கும் செயல்படுகிறது. விநாடிக்கு 1 மீட்டரில் நெருங்கியவை 60 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பிரிகின்றன. அடுத்த மோதல் இதைவிடக் கடுமையாக இருக்கும். இரண்டு மூன்று மோதல்களில் ஒரே படியில் தன் ஆரத்தைவிட அதிகத் தூரம் நகரும் அளவுக்கு வேகம் கூடிவிடும். மணியின் மையம் சுவரைத் தாண்டிவிட்டால், சுவரே அதை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். சுவரில் ஓட்டை தேடி மெனக்கெட வேண்டாம்.

0.00001 என்பது மாதிரி ஃபைலிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த மாதிரிகளில் பொருளின் யங் குணகம் பெரும்பாலும் 5 மெகாபாஸ்கல்தான். அதற்கு இந்த எண் பொருந்தும். குணகத்தை மாற்றினால் டைம்ஸ்டெப்பையும் மாற்றியாக வேண்டும்.

கண்டால், ஸ்ட்ராக் இருவரும் 1979இல் டெம் முறையை முன்வைத்தபோதே அடிப்படை நிபந்தனையையும் வைத்துவிட்டார்கள்: ஒரு படிக்குள் அதிர்வு ஒரு துகளிலிருந்து அதன் பக்கத்துத் துகளைத் தாண்டிப் போகக் கூடாது. இதற்கு ராலே காலத்தை (அதிர்வலை துகளின் மேற்பரப்பைக் கடக்க ஆகும் நேரம்) கணக்கிட வேண்டும். அடர்த்தியை விறைப்புக் குணகத்தால் (யங் குணகம் அல்ல, ஷியர் மாடுலஸ்) வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதை ஆரத்தாலும் பையாலும் (3.14) பெருக்குங்கள். வந்ததை, பாய்ஸான் விகிதத்தின் 0.1631 மடங்கோடு 0.8766ஐக் கூட்டிய எண்ணால் வகுங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 2500 கிலோ, பாய்ஸான் விகிதம் 0.25, ஆரம் 1 மி.மீ. என்றால் விடை 1.02 மைக்ரோவிநாடி. அதில் 20 சதவீதம், அதாவது 0.2 மைக்ரோவிநாடி, பாதுகாப்பான டைம்ஸ்டெப். நீங்கள் வைத்திருப்பது அதைப் போல் 50 மடங்கு. மணிகள் பல அளவில் இருந்தால் ஆகச் சிறிய மணியின் ஆரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். சராசரியை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

0.2 மைக்ரோவிநாடியில் 6 விநாடியை ஓட்ட 3 கோடி படிகள் வேண்டும். அதனால்தான் எல்லோரும் யங் குணகத்தைக் குறைக்கிறார்கள். கொட்டும் வேகத்தைக் கணிக்க இது முறையான வழிதான், ஓவர்லாப் விட்டத்தில் 1 சதவீதத்துக்குள் இருக்கும் வரை. விநாடிக்கு 1 மீட்டர் மோதலில் 700 மெகாபாஸ்கலுக்கு 0.64 சதவீதம், 70 மெகாபாஸ்கலுக்கு 1.6, 5 மெகாபாஸ்கலுக்கு 4.6 வருகிறது. நான் பரிந்துரைப்பது 700. டைம்ஸ்டெப் 2 மைக்ரோவிநாடி, படிகள் 30 லட்சம். 70இலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கொட்டும் வேகம் மாறவில்லை என்றால் மீதி ஓட்டங்களுக்கு அதுவே போதும். ஒட்டும் தன்மையுள்ள பொடிக்கு மட்டும் இந்தக் குறுக்குவழியை யோசிக்காமல் எடுக்காதீர்கள். தொடுபரப்பு பெரிதாகும்போது ஒட்டுவிசையும் ஏறிவிடும். அதையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

இனி 50,000 மணிகளை ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு மணியை ஓட்டுங்கள். 5 செ.மீ. உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். மீட்சியளிப்பு குணகம் 0.9 என்றால் அது 4 செ.மீ.யை ஒட்டி எழ வேண்டும் (0.9இன் வர்க்கம் 0.81). 5 செ.மீ.க்கு மேல் எழுந்தால் டைம்ஸ்டெப் இன்னும் பெரிது. இந்தச் சோதனை சில விநாடிகளில் முடிந்துவிடும், பல நாள் அலைச்சலை மிச்சமாக்கும்.

இன்புட் ஃபைலில் ‘தெர்மோ மாடிஃபை லாஸ்ட் இக்னோர்’ வரி இருக்கிறதா பாருங்கள். மணிகள் தொலைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மென்பொருளுக்குச் சொல்லும் வரி அது. கோளாறு பார்க்கும்போது அதை எடுத்துவிடுங்கள். முதல் மணி தொலைந்ததுமே ஓட்டம் நிற்கட்டும். ‘செக் டைம்ஸ்டெப் கிரான்’ கட்டளையைச் சேர்த்தால், ராலே காலத்திலும் ஹெர்ட்ஸ் காலத்திலும் (ஒரு மோதல் நீடிக்கும் நேரம்) உங்கள் டைம்ஸ்டெப் எத்தனை பங்கு என்பதை லாகில் எழுதிக்கொண்டே வரும்.

சிதறல் எப்போது தொடங்குகிறது என்பதே நல்ல துப்பு. முதல் மோதலில் என்றால் டைம்ஸ்டெப். முதல் படியிலேயே, மணி நகரும் முன்பே என்றால், அடுக்கும்போதே மணிகள் ஒன்றுக்குள் ஒன்று இருந்திருக்கின்றன. ஓவர்லாப் செக்கைப் போட்டு, நெருக்கமாக அடைக்காமல் தளர்வாக விட்டு விழச் செய்யுங்கள். நன்றாக ஓடி நடுவில் சிதறினால் நெய்பர் லிஸ்டை (ஒவ்வொரு மணிக்கும் அருகிலுள்ள மணிகளின் பட்டியல்) பாருங்கள். ஸ்கின் தூரம் (பட்டியலுக்காகக் கூடுதலாகத் தேடும் தூரம்) 1 மி.மீ.யில் தொடங்கலாம், லாகின் கடைசியில் ‘டேஞ்சரஸ் பில்ட்ஸ்’ (பட்டியல் தாமதமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கக்கூடிய தடவைகள்) பூஜ்யமாக இருக்க வேண்டும். சிதறாமல் சத்தமின்றி மறைந்தால், கலனின் வடிவத்தைத் தரும் எஸ்டிஎல் ஃபைல் மில்லிமீட்டரில் வரையப்பட்டு 0.001 ஸ்கேல் விடுபட்டிருக்கும். உங்கள் 80 மி.மீ. கலன் 80 மீட்டர் கலனாகியிருக்கும்! எஸ்டிஎல்லில் கலனின் உள்முகம் மட்டும் போதும், தகட்டின் இரண்டு முகங்களும் வேண்டாம்.

மணிகள் அடங்கிய பின் மொத்த இயக்க ஆற்றல் சரிந்து தரைதட்ட வேண்டும். அடங்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால் தொடுவிசையில் (மணிகள் உரசும் திசையில் வரும் விசை) ‘ஹிஸ்டரி’, அதாவது முந்தைய படிகளின் சறுக்கலை நினைவில் வைப்பது, இயங்குகிறதா பாருங்கள். அது இல்லாமல் குவியல் நிற்காது. உருளும் உராய்வுக்கு ‘சிடிடி’ மாடல் போட்டிருந்தால், நிற்கும் குவியலில் அது முன்னும் பின்னுமாக நடுங்கும், மென்பொருளிலுள்ள இன்னொரு மாடலான ‘இபிஎஸ்டி2’க்கு மாறுங்கள். பிறகு துளையின் அடைப்பை இழுக்காமல், அதன் மெஷ்ஷையே (அதைக் குறிக்கும் வலைப்பரப்பு) நீக்கித் துளையைத் திறங்கள்.

விடை சரியா என்று பார்க்க பெவர்லூ 1961இல் தந்த சமன்பாடு இருக்கிறது. துளை விட்டத்திலிருந்து மணி விட்டத்தின் 1.4 மடங்கைக் கழித்து 2.5 அடுக்குக்கு உயர்த்துங்கள். குவியல் அடர்த்தி (மணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்த அடர்த்தி), புவியீர்ப்பின் வர்க்கமூலம், 0.58 ஆகியவற்றால் பெருக்குங்கள். குவியல் அடர்த்தி கன மீட்டருக்கு 1500 கிலோ என்றால் உங்கள் கலனுக்கு விநாடிக்கு 105 கிராம் வருகிறது, அதாவது சுமார் 10,000 மணிகள். உங்கள் எண் இதைவிட வெகுவாகக் கூடினால் மணிகளுக்கிடையேயான உராய்வு குறைவாக இருக்கலாம். மட்டம் இறங்க இறங்க வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். கடைசியில் மட்டும் தணியும். தட்டையான அடி என்பதால் துளையைச் சுற்றி மணிகள் வளையமாகத் தங்கிவிடும். அது கோளாறு அல்ல. அந்தச் சரிவின் கோணத்தை அளந்து பாருங்கள்: உலர்ந்த கண்ணாடி மணிக்கு 25 பாகையை ஒட்டி இருந்தால் உராய்வு எண்கள் சரி, 35ஐ நெருங்கினால் உருளும் உராய்வை அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.