டி.சி.யை வாங்கும் முன் கடிதத்தை வாங்குங்கள்

கேள்வி: என் மகள் திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். எனக்கு நாகப்பட்டினத்துக்கு மாற்றல். 'கிரெடிட் எல்லாம் ஏ.பி.சி. கணக்கில் இருக்கிறது, எந்தக் கல்லூரியிலும் நேராக மூன்றாம் ஆண்டில் சேர்த்துவிடலாம், டி.சி.யை வாங்கிக் கொடுங்கள்' என்கிறார் ஒரு கல்வி ஆலோசகர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 2021இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்), தேர்ச்சி பெற்ற தாள்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கணக்கு, அவ்வளவுதான். அதை ஏற்பதா என்பதைச் சேரப்போகும் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் முடிவு செய்யும். சிலபஸைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அங்கே முதலாண்டிலேயே முடித்த ஒரு தாளை உங்கள் மகள் படிக்காமலே இருக்கலாம். சேர்ந்த பிறகு அந்தத் தாளைத் தனியாக எழுதச் சொல்வார்கள்.

'இரண்டு ஊரும் பாரதிதாசன் பல்கலைக்கழகம்தானே' என்றும் அவர் சொல்லியிருப்பார். இணைப்புக் கல்லூரியிலிருந்து இணைப்புக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அது சரி, பாடத்திட்டம் ஒன்றே. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. தன்னாட்சிக் கல்லூரி சிலபஸைத் தானே வகுக்கிறது, தேர்வையும் தானே நடத்துகிறது. பட்டம் மட்டும்தான் பல்கலைக்கழகத்துடையது. மதிப்பெண் பட்டியலை எடுத்து யார் கையெழுத்து என்று பாருங்கள். கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்துதான் இருக்கும். ஆக, பல்கலைக்கழகம் மாறாவிட்டாலும் பாடத்திட்டம் மாறுகிறது.

எனவே சேரப்போகும் கல்லூரியிடமிருந்து கடிதம் வராமல் டி.சி.யைத் தொடாதீர்கள். எந்த செமஸ்டரில் சேர்க்கிறார்கள், எந்தத் தாள்களை ஏற்கிறார்கள், எவற்றை எழுத வேண்டும் என்று முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். 'சீட் கன்ஃபார்ம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எதற்கும் உதவாது. டி.சி.யை வாங்கிவிட்டால் பழைய கல்லூரியில் உங்கள் பிடி போச்சு. முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களுக்கு வசதியும் அதுதான். இந்த வேலைக்குத் தரகரே தேவையில்லை. மதிப்பெண் பட்டியல்கள், மகள் சேர்ந்த ஆண்டின் சிலபஸ் (கல்லூரி முத்திரையோடு) இரண்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே போய்க் கேளுங்கள்.

ஏ.பி.சி. கணக்கையும் டிஜிலாக்கரில் திறந்து பாருங்கள். ஏதாவது செமஸ்டர் விடுபட்டிருந்தால் மாணவி தானாக ஏற்ற முடியாது, கல்லூரிதான் ஏற்ற வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் செய்யாமல் விட்ட வேலைக்குப் பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக அலைகிறார்கள். இதைக் கேட்பார் இல்லை. எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டில் காலியிடம் இருந்தால்தான் சேர்க்க முடியும். முதலில் அதைக் கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.