கிறிஸ்துமஸ் வந்தால் கடவுளோடு என்ன மாறுகிறது?

கேள்வி: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஸ்டார் கட்டுகிறோம், குடில் வைக்கிறோம், நள்ளிரவு ஆராதனைக்குப் போகிறோம். டிசம்பர் 26 விடிந்தால் எல்லாம் முடிந்துவிடுகிறது. 'கிறிஸ்துமஸ் என்பது கடவுளோடு உறவு' என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, நடைமுறையில் அதற்கு என்ன அர்த்தம்?

பதில்:

யோவான் 1:14-இலிருந்து தொடங்குங்கள். 'அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்.' 'வார்த்தை' என்று யோவான் சொல்வது இயேசுவைத்தான்; 'மாம்சமாகி' என்றால் மனிதராகி. யோவான் சுவிசேஷத்தில் முன்னணை (பிள்ளையைக் கிடத்திய தீவனத் தொட்டி) இல்லை, மேய்ப்பர் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அவர் எழுதிய கிறிஸ்துமஸ் இந்த ஒரு வசனம்தான். 'வாசம்பண்ணினார்' என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிப்பது. யூதர் காதில் அது விழுந்தால் உடனே வனாந்தரம் நினைவுக்கு வரும். எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்கள் கூடாரங்களில் குடியிருந்தபோது, அவர்கள் நடுவில் தங்குவதற்காகத் தமக்கும் ஒரு கூடாரம் அமைக்கச் சொன்னார் கடவுள் (யாத்திராகமம் 25:8). ஆனால் அதன் உள்ளறைக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும், வருஷத்தில் ஒரே நாள், பலியின் இரத்தத்தோடு நுழையலாம். மற்ற எல்லோருக்கும் திரை. பெத்லகேமிலோ, ராத்திரியில் ஆடு காத்துக்கொண்டிருந்தவர்கள் வயலிலிருந்து அப்படியே வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். வாசலில் யாரும் நிறுத்தவில்லை.

கடவுளிடம் நாம் ஏறிப்போக வழி தேடிக்கொண்டிருந்தபோது, அவரே இறங்கி வந்தார். கிறிஸ்துமஸின் பொருள் இதுதான். வந்தவர் யார் என்பதில் சபை இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணமும் இதுவே. 325-இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம், இயேசு 'பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர்' என்று அறிக்கையிட்டது. வந்தவர் வெறும் தூதர் என்றால் நமக்குக் கிடைத்தது ஒரு செய்தி மட்டுமே. கடவுள் இன்னமும் தூரத்தில்தான் இருப்பார். 451-இல் கல்செதோன் சங்கம் அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர் என்றது. மனிதர்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்றால், நம்முடைய பசியும் களைப்பும் மரண பயமும் அவருக்குத் தெரியாது. அவருக்கு அவை தெரியும் என்பதால்தான் 'தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்' என்று எபிரெயர் நிருபம் சொல்ல முடிகிறது (4:16). கத்தோலிக்கத் திருப்பலியில், விசுவாச அறிக்கையில் அவர் மனிதரானதைச் சொல்லும் வரி வரும்போது மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குவார்கள். கிறிஸ்துமஸ் அன்று முழங்காலிடுவார்கள். இந்த வருஷம் அந்த ஒரு வரியைக் கவனித்துச் சொல்லிப் பாருங்கள்.

எவ்வளவு தாழ இறங்கினார் என்பதற்கு, பெரும்பாலானோர் தாண்டிப் போகும் ஒரு வசனம் உண்டு: லூக்கா 2:24. பிள்ளையைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது மரியாளும் யோசேப்பும் பலியாகக் கொடுக்க வேண்டியது 'ஒரு ஜோடு காட்டுப்புறா' அல்லது 'இரண்டு புறாக்குஞ்சு'. லேவியராகமம் 12-ஐத் திருப்பிப் பாருங்கள். தாய் கொண்டுவர வேண்டியது ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்குத்தான் இரண்டு புறா. ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்லாத வீட்டில் அவர் பிறந்தார். நம் நிலைமை சரியான பிறகு கடவுளிடம் வரலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த வசனத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இனி உறவு. பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தில் 4:4-7 நான்கு வசனம்தான். கிறிஸ்துமஸையும் உறவையும் நேராக இணைக்கும் பகுதி அது. காலம் நிறைவேறினபோது ஸ்திரீயினிடத்தில் பிறந்த தம் குமாரனைத் தேவன் அனுப்பினார். எதற்காக? நாம் 'புத்திரசுவிகாரத்தை' அடையும்படி, அதாவது தத்துப் பிள்ளைகளாகும்படி. பவுல் காலத்து ரோமச் சட்டத்தில் தத்தெடுக்கப்பட்ட மகனுக்குப் பெற்ற மகனைப்போலவே சொத்துரிமை உண்டு. 'சுதந்தரன்' (வாரிசு) என்று அவர் சொல்வது அதைத்தான். அடுத்து, 'அப்பா, பிதாவே' என்று கூப்பிடும் ஆவியைக் கொடுத்தார் என்கிறார். அந்த 'அப்பா' மொழிபெயர்ப்பே அல்ல, இயேசு பேசிய அரமாயிக் சொல். கிரேக்கத்தில் எழுதிய பவுலும் அதை மாற்றாமல் வைத்துவிட்டார். நம் வீட்டில் கூப்பிடும் சொல்லும் அதுவாகவே அமைந்தது தமிழருக்கு வாய்த்த பெரிய சலுகை. ஆனால் அதே சொல்லை இயேசு கெத்செமனேயில், 'என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே' என்று ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தில் சொன்னார் (மாற்கு 14:36). செல்லம் மட்டும் இல்லை, கீழ்ப்படிதலும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நடைமுறை கேட்டீர்கள். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்றாக வாசித்தால் 24-ஆம் தேதி முடியும். முதல் அதிகாரத்தில் மட்டும் 80 வசனம். முதல் நாளே அயர்ந்துபோய்ப் பலர் நின்றுவிடுவது இங்கேதான். அதனால் நவம்பர் 30 அன்று பாதியை வாசித்துவிடுங்கள். காலையில் போனை எடுக்கும் முன்பு பதினைந்து நிமிடம் போதும். சத்தமாக வாசிப்பதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். பிறகு 'அப்பா' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். மீதி நேரத்தில், வாசித்ததில் மனதைத் தொட்ட ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதையே ஜெபமாக்குங்கள். விண்ணப்பப் பட்டியல் கடைசியில் வரட்டும். மூன்று நாள் விட்டுப்போனால் மூன்று அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க உட்காராதீர்கள். பாக்கி சேர்ந்தால் அது கடனாகிவிடும், கடன்காரன் முகத்தை யாரும் தேடிப் போவதில்லை. அன்றைய தேதிக்குரிய அதிகாரத்திலிருந்து தொடருங்கள்.

இந்த முறையில் இன்னொரு நன்மை உண்டு. 23-ஆம் தேதி சிலுவையும் 24-ஆம் தேதி உயிர்த்தெழுதலும் வரும். இரண்டாம் அதிகாரத்தில் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தப்பட்டவர், இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் துணியில் சுற்றிக் கல்லறையில் வைக்கப்படுவார். அதையும் வாசித்துவிட்டு நள்ளிரவு ஆராதனைக்குப் போய் மறுபடி லூக்கா 2-ஐக் கேட்கும்போது முன்னணை வேறு மாதிரித் தெரியும்.

உறவு எங்கே முறிகிறது என்று பார்த்தால், முதல் காரணம் உணர்ச்சியை அளவுகோலாக வைப்பது. கேரல் பாடும்போது கண் கலங்குகிறது, ஜனவரியில் ஒன்றும் தோன்றவில்லை. உடனே 'கடவுள் தூரமாகிவிட்டார்' என்கிறோம். தத்துப்பத்திரம் பிள்ளையின் மனநிலையைப் பொறுத்தது இல்லையே. இரண்டாவது, பேரம். 'இந்த வேலை கிடைத்தால் இதைச் செய்கிறேன்' என்ற வாக்கில் பிள்ளையின் குரல் இல்லை, வியாபாரியின் குரல்தான் இருக்கிறது. மூன்றாவதைத்தான் அதிகம் மறைக்கிறோம்: சொத்துக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன், கல்யாணத்துக்கு வராத சித்தி. காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முன்பு போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 5:23-24). கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு முன்பே அந்தப் போனைச் செய்துவிடுங்கள். வழக்கைப் போனில் தீர்க்கப் பார்க்காதீர்கள், மறுபடி சண்டையில்தான் முடியும். 'பண்டிகைக்கு வீட்டுக்கு வாங்க' என்ற அழைப்பு மட்டும் போதும்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. முறுக்கும் அதிரசமும் 24-ஆம் தேதி சாயங்காலம் வரை எண்ணெய்ச் சட்டியில் இருந்தால், அம்மாவுக்கும் மனைவிக்கும் கிறிஸ்துமஸ் அடுப்படியிலேயே கழியும். பலகாரத்தை 22-க்குள் முடித்துவிடுங்கள், பிழிய நீங்களும் உட்காருங்கள்.

தேதியைப் பற்றிச் சிலர் சண்டை போடுவார்கள். வேதாகமம் தேதி சொல்லவில்லை. டிசம்பர் 25 ரோமில் 354-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6 அன்றே கொண்டாடுகிறது. விசுவாசம் தேதியில் தொங்கவில்லை.

டிசம்பர் 26 வெறுமையாக இருக்கிறது என்றீர்கள். திருச்சபை நாட்காட்டியில் அது முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் நாள். 28-ஆம் தேதி ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். முன்னணையிலிருந்து கண்ணை எடுக்கும் முன்பே அந்த உறவின் விலையைச் சபை காட்டிவிடுகிறது. அதனால் 26 அன்று லூக்கா எழுதிய இரண்டாம் புத்தகமான அப்போஸ்தலருடைய நடபடிகளைத் தொடங்குங்கள். 28 அதிகாரம்; ஜனவரி 22-இல் முடியும். புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுக்கும் ஜனவரி 1 அன்று ஏழாம் அதிகாரம் வரும். கல்லெறிபட்டுச் சாகும் ஸ்தேவான் அங்கே 'கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்' என்கிறார். அட்டையில் வந்த வசனத்தோடு அதையும் சேர்த்து வாசியுங்கள்.