வாசகர் கேள்வி பதில்: காலை இறக்கமும் மாலை ஏற்றமும்

கேள்வி: எனக்கு வயது 46. வீடு கேத்தியில், வேலை குன்னூரில். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த கியர் சைக்கிளைக் கடையில் கொடுத்து ஓவர்ஹால் செய்திருக்கிறேன். ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு, விளக்கு ஆகியவற்றைப் புதிதாக வாங்கிவிட்டேன். காலையில் இறக்கம் என்பதால் சிரமமில்லை. மாலை ஏற்றத்தை எண்ணித்தான் தயங்குகிறேன். இன்னும் என்ன வாங்க வேண்டும்?
– வாசகர், கேத்தி

பதில்: மாலையை எண்ணி நீங்கள் தயங்குகிறீர்கள், எனக்கோ உங்கள் காலையைப் பற்றித்தான் கவலை. நீலகிரி மலை ரயில் நிலையங்களின் உயரத்தைக் கணக்கில் கொண்டால், கேத்தி 2,092 மீட்டரிலும் குன்னூர் 1,711 மீட்டரிலும் இருக்கின்றன. அதாவது ரயில் பாதையில் பத்து கிலோமீட்டருக்குள் 381 மீட்டர் இறக்கம். நீங்களும் சைக்கிளும் பையுமாக 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எதிர்காற்று வாங்கிக்கொள்வது போக மீதியில் பெரும்பகுதியைச் சின்னஞ்சிறு பிரேக் கட்டைகள்தாம் தாங்க வேண்டும்.

ஆகவே ஓவர்ஹாலில் என்ன செய்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்துக் கொடுப்பதையும் ஓவர்ஹால் என்று சொல்பவர்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டு கிடந்த ரப்பர், தேயாமல் இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். பிரேக் கட்டைகளைத் தயங்காமல் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டை வளைத்துப் பார்த்து, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும் என்பதால் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் வகைப் பிரேக்காக இருந்தால், ஈரத்தில் முதல் சில சுற்றுகள் நீரை வழிப்பதிலேயே போய்விடும். மழை நாளில் வளைவுக்கு வெகு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள். நீங்கள் வாங்கியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது கையுறைதான். மார்கழிக் குளிரில் மரத்துப்போன விரல்களுக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை.

மாலை ஏற்றத்துக்கு வருகிறேன். முன்பக்கம் 44 பல், பின்பக்கம் 18 பல் கொண்ட பழைய சாதாரணச் சைக்கிளில், பெடலை ஒரு முறை சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் நகர வேண்டும்; அந்தச் சைக்கிள்காரர்கள் ஏற்றத்தில் கீழே இறங்கித் தள்ளியதற்குக் காரணம் அதுதான். உங்கள் சைக்கிளில் முன்பக்கச் சிறிய சக்கரம் 28 பல்லும் பின்பக்கப் பெரிய சக்கரம் 34 பல்லுமாக இருந்தால், ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர் அளவே நகரும். வேகம் குறையும், முழங்கால் பிழைக்கும். பின்பக்கம் அவ்வளவு பெரிய பல்சக்கரம் இல்லையென்றால் அதற்குச் செலவிடுங்கள், மேலே சொன்ன பிரேக், டயர் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம். முதல் மாதம் வழியிலுள்ள அருவங்காட்டில் நிறுத்தி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவதில் வெட்கமும் வேண்டாம்.

கேள்வி: நல்ல மழைக்கோட்டு போட்டும் சைக்கிளில் வீடு சேரும்போது சட்டை நனைந்திருக்கிறது. கோட்டில் குறையா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஏறும்போது மட்டும் நனைந்தால் அது உங்கள் வியர்வை. தூறலுக்கெல்லாம் கோட்டு போடாமல் மெல்லிய உடையில் ஏறுங்கள். உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொண்டு, வீடு சேர்ந்தவுடன் மாற்றுங்கள். இறக்கத்தில் கோட்டைக் கழற்றாதீர்கள்.