மராடியின் பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் மராடிப் பகுதிப் பெண்களின் சேமிப்புக் குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அடுத்த வேளை உணவுக்கே அல்லாடும் பெண்களிடம் போய்ச் சேமிக்கச் சொல்வது நியாயமா என்ற உறுத்தல் எனக்கு நீங்கவில்லை. நண்பர்கள் சேர்ந்து ஒரு தொகை திரட்டியிருக்கிறோம். அங்கே ஒரு கிராமத்துப் பெண்களுக்குத் தையல் இயந்திரங்களும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்களும் வாங்கிக் கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெண்கள் யாரோ சொல்லிச் சேமிக்கத் தொடங்கியவர்கள் அல்லர். ஹௌசா மொழி பேசும் அவ்வூர்களில் 'அடாஷி' என்னும் சுழற்சிச் சீட்டு நெடுங்காலமாகவே உண்டு. மிச்சமாகும் காசை ஆடாகவோ தானியமாகவோ மாற்றி வைப்பதும் வழக்கம். சேமித்ததை வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்கு எடுப்பதில்தான் அவர்களுக்குச் சிரமம் இருந்தது. சீட்டில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், மருந்துக்கான சிறு தொகைக்காக முழு ஆட்டையும் கேட்ட விலைக்கு விற்க வேண்டியிருக்கும்.

கேர் என்னும் பன்னாட்டு உதவி நிறுவனம் 1991இல் மராடியில் தொடங்கிய 'மாத்தா மாசு துபாரா' திட்டம் இந்தச் சிரமத்தைத்தான் எடுத்துக்கொண்டது. இருபது முப்பது பெண்கள் தாங்களே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டு குழுவாகி, வாரந்தோறும் கூடி, ஆளுக்கொரு பங்குப் பணத்தை ஒரு பெட்டியில் போட்டு, அதிலிருந்தே தமக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். மூன்று பூட்டுகள் போட்ட பெட்டி ஒருத்தியின் வீட்டிலும், சாவிகள் வேறு மூன்று பெண்களிடமும் இருப்பதால், குழு கூடாமல் பெட்டியைத் திறக்க வழியில்லை. கடன் கொடுப்பதும் திரும்பக் கட்டுவதும் எல்லோர் கண்ணெதிரேதான். பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாததால் தொடக்கக் காலக் குழுக்கள் கணக்கேடு இல்லாமலே நடந்தன. பெட்டியில் மீதம் எவ்வளவு என்பதை உரக்கச் சொல்லி, அனைவரும் மனத்தில் இருத்தி, அடுத்த கூட்டத்தில் மறுபடி சொல்லிச் சரிபார்த்தார்கள். ஒவ்வொருவரின் சேமிப்பையும் முத்திரை குத்திக் குறிக்கும் சிறு கைப்புத்தகம், இம்முறை பிற நாடுகளுக்குப் பரவியபோது வந்தது.

வட்டி, மாதம் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை, நமக்கு அதிகமாகவே படும். ஆனால் அது குழுவின் பெட்டிக்கே வந்து சேர்கிறது. ஒன்பது மாதமோ ஓராண்டோ கழிந்ததும் சேமிப்பையும் வட்டியையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பள்ளி திறக்கும் சமயமா, பக்ரீத் பெருநாளா, அல்லது களஞ்சியம் காலியாகிப் புது விளைச்சல் வராத ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பசிக்காலமா என்பதைக் குழுவே முடிவுசெய்யும். மராடி நிலக்கடலை விளையும் பூமி. கடன் வாங்கிய பெண் கடலை வாங்கி எண்ணெய் எடுத்து, மிஞ்சிய பிண்ணாக்கை உருட்டிப் பொரித்துத் தின்பண்டமாக விற்கிறாள். இன்னொருத்தி கிடாவை வளர்த்துப் பெருநாளுக்கு விற்கிறாள்.

நிறுவனத்தின் பணம் ஒரு காசுகூட அந்தப் பெட்டிக்குள் போவதில்லை. பயிற்சியாளர் முதலில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் வந்து, ஏறத்தாழ ஓராண்டில் விடைபெறுகிறார். பின்னர் உறுப்பினர்களில் சிலரே புதுக் குழுக்களை உருவாக்குகிறார்கள். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இருக்கும் வங்கிக் கடன் இணைப்பு இங்கே இல்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. தன் பணம் கடனாகப் போகும்போது ஒரு பெண் துருவிக் கேட்கும் கேள்விகளை, வெளியிலிருந்து வந்த பணத்துக்கு அவள் கேட்பது அரிது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. இத்தகைய குழுக்களைப் பற்றிக் கானா, மலாவி, உகாண்டா நாடுகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, குடும்பத் தொழில் மேம்பட்டதையும் வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்புக் கூடியதையும் கண்டது. குடும்பத்தின் நுகர்வு சராசரியாக உயர்ந்ததற்குச் சான்று கிட்டவில்லை. வாரப் பங்குக்கே வழியற்றவர்கள் குழுவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை உங்கள் உறுத்தல் முற்றிலும் சரி. அவர்களுக்கு நேரடி உதவியே தேவை.

தையல் இயந்திரங்கள் வேண்டாம் என்பேன். ஒரே கிராமத்தில் பத்து இயந்திரங்கள் வந்திறங்கினால் அத்தனைக்கும் துணி தைக்கக் கொடுப்பவர் யார், பழுதானால் பார்ப்பவர் யார்? நோட்டுப் புத்தகம் மராடிச் சந்தையிலேயே கிடைக்கும். தாயின் கையில் பணம் இருந்தால் அவளே வாங்குவாள். உங்கள் தொகையைப் பயிற்சியாளர் ஒருவரின் சம்பளத்துக்கும் அவருடைய மோட்டார் சைக்கிளுக்கான பெட்ரோலுக்கும் கொடுங்கள். கொடுக்குமுன், அங்கே பணிபுரியும் அமைப்பிடம், அவர்கள் விடைபெற்றுவந்த ஊர்களில் எத்தனை குழுக்கள் இன்றும் கூடுகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.