ஆழ்கடல் டைவர் வேலைக்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும்? அதில் திருப்தி கிடைக்குமா?

துணிச்சலும் நீச்சலும் இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும், ஆனால் ஒருவர் இந்த வேலையில் நிலைப்பதை அவை முடிவு செய்வதில்லை. தன் உயிரின் வால்வை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா என்பதுதான் முடிவு செய்கிறது.

பொதுவாக 50 மீட்டர் ஆழம் வரை காற்றைச் சுவாசித்தே வேலை செய்யலாம். அதற்குக் கீழே ஹீலியமும் ஆக்ஸிஜனும் கலந்த வாயு, நாள்கணக்கில் அழுத்தத்திலேயே இருக்கும் சாச்சுரேஷன் முறை. கப்பலில் இருக்கும் இரும்பு அறைக்குள் கடலடி அழுத்தத்திலேயே 28 நாள் வரை குடியிருந்து, டைவர்களைக் கடலடிக்கு இறக்கும் மூடிய கூண்டான பெல்லில் இறங்கி வேலை செய்து திரும்ப வேண்டும். அழுத்தத்தை மெல்லக் குறைத்து வெளியே வர, ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு நாள், மொத்தத்தோடு இன்னொரு நாள். அரபிக்கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் போல 75 மீட்டர் ஆழம் என்றால் மூன்றரை நாள். வீட்டில் சாவு விழுந்தாலும் அதற்கு முன் கதவைத் திறக்க முடியாது.

சாப்பாடு, இரட்டைக் கதவுள்ள சின்ன லாக் வழியாக வரும். கழிவறையைக் கழுவிவிடக்கூட வெளியே இருப்பவரிடம் சொல்ல வேண்டும். ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுப்பதால் அறையை 30 டிகிரி அளவில் வைப்பார்கள்; ஓரிரு டிகிரி இறங்கினாலே நடுங்கும். குரல் வாத்துக் குரலாக மாறிவிடும். காதில் தொற்று வராமல் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். இவை வழக்கமாக உயிருக்கு ஆபத்தானவை அல்ல. ஆனால் பத்தாவது நாளில், பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டையோடு சேர்ந்து ஒருவரை உடைப்பது இந்தச் சில்லறைத் தொந்தரவுகள்தான். சீக்கிரம் சலிப்பவரும் சொல்லுக்குச் சொல் பதில் கொடுப்பவரும் அந்த அறைக்கே பாரம்.

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை எண்ணெய் மேடையில் டைவர்களை வைத்திருந்த சமுத்ரா சுரக்ஷா கப்பல் மோதித் தீப்பிடித்தது. கப்பலைக் கைவிட்டு மற்றவர்கள் வெளியேறியபோது ஆறு டைவர்கள் அழுத்த அறைக்குள் இருந்தார்கள். அவர்களை மீட்க 36 மணி நேரம் ஆனது. கதவை உடைத்துக்கொண்டு ஓட நினைப்பவருக்கு, அழுத்தம் திடீரென இறங்குவதால், அங்கே சாவு நிச்சயம். காத்திருக்கத் தெரிந்த மனம்தான் பிழைக்கும்.

பதற்றம் இரண்டு வகை என்று உளவியலாளர் ஸ்பீல்பெர்கர் பிரித்தார்: அந்த நேரத்துக்கு வந்து போவது, சுபாவத்திலேயே ஊறியது. முதலாவது எல்லோருக்கும் வரும். இரண்டாவது அதிகம் உள்ளவர்களே பெரும்பாலும் தண்ணீருக்குள் பீதியடைகிறார்கள் என்பதை விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மோர்கனின் ஆய்வுகள் காட்டின. உடலும் இதில் சேர்ந்துகொள்கிறது. குழாய் இணைப்பின் ஃபிளாஞ்ச் போல்ட்டை அவசரமாக முடுக்கும்போது மூச்சு வாங்கும், கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், அதுவே காரணமில்லாத பயமாகத் தெரியும். அப்போது வேலையை நிறுத்தி, எதையாவது பிடித்துக்கொண்டு, தலைக்கவசத்தின் ஃப்ரீ ஃப்ளோ வால்வைத் திறந்து வாயுவை ஓடவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். "எனக்கு மூச்சு வாங்குகிறது" என்று சொல்ல வெட்கப்படுகிறவருக்கு இந்த வேலை வேண்டாம்.

திருப்தி? கண் தெரியாத சேற்றில் கைத்தடவலிலேயே ஒரு குழாயைப் பொருத்தி, அது ஒழுகாமல் அழுத்தச் சோதனையைத் தாண்டும்போது கிடைக்கும் நிறைவு உண்மையானது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கரையில் இருக்கும் காலம். சம்பளம் நாள் கணக்கு. வேலை இல்லாத மாதத்தில் ஒன்றும் வராது. ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் தோல்வியடைந்தால் தொழில் ஒரே நாளில் நின்றுவிடும். தொடை எலும்பு முனையும் தோள் எலும்பு முனையும் ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போவது இத்தொழிலில் அறியப்பட்ட நோய். ஆகவே கைநிறைய வரும் மாதங்களிலேயே ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள். சூப்பர்வைசர் அல்லது அழுத்த அறையை வெளியிலிருந்து கவனிக்கும் லைஃப் சப்போர்ட் டெக்னீஷியன் சான்றிதழுக்கான மணிக்கணக்கையும் லாக் புத்தகத்தில் ஒழுங்காக எழுதி வாருங்கள்.

பயிற்சிக்குப் பெரும்பணம் கட்டும் முன் ஒரு சீசன் டெண்டராக, அதாவது மேலே நின்று டைவருக்கு உதவுபவராக, போய்ப் பாருங்கள். அடுத்தவருக்கு மூச்சு வாயுவைக் கொண்டுபோகும் குழாய்க் கட்டான அம்பிலிக்கலைக் கையில் பிடித்து, பேசாமல், கண்ணெடுக்காமல் ஆறு மணி நேரம் நிற்க வேண்டிய வேலை அது. அந்த நிற்றல் உங்களுக்குச் சிறையாகத் தெரிந்தால், அழுத்த அறைக்குள் போக வேண்டாம்.